படத்தில் இருப்பவரும் பார்க்கிறார்



"டீச்சர், போன மாசம் போட்டிருந்த சந்தை போட்டோ எங்கே, காணோமே?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். "எடுத்துவிட்டேன், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்" என்று பதில் போட்டிருந்தேன். இன்று எழுதுகிறேன். என் கதையை மட்டும் எழுதினால் புலம்பல் மாதிரி ஆகிவிடும். இந்த விஷயத்துக்கு நூற்று முப்பது வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். வகுப்பில் உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி இங்கே உட்கார வைக்க முடியாது. அதனால் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, நிதானமாகப் படியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு என் மகன் தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்தான். காலை நடைக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். பூ கட்டும் பெண்கள், டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாண்டில் தூங்கும் குழந்தை என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பேன். யாரையும் "இப்படி நில்லுங்கள், சிரியுங்கள்" என்று சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாமலே எடுப்பது. இதற்குக் 'கேண்டிட்' என்று பெயர். தெருவில் எடுத்தால் 'ஸ்ட்ரீட் போட்டோகிராபி'. ஒரு வசதி என்னவென்றால், அறுபது வயதுக்கு மேல் ஆன ஒரு பெண்மணி நூல் புடவை கட்டிக்கொண்டு கேமராவுடன் நின்றால் யாரும் சட்டை செய்வதில்லை. இளைஞர்கள் நின்றால்தான் "என்னப்பா, யாரு நீ?" என்று கேட்பார்கள்.

இப்படி எடுப்பவர்கள் சேர்ந்து படங்களைப் போட்டுப் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் நானும் சேர்ந்தேன். பேங்க்கில் வேலை பார்ப்பவர், மருந்துக்கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலதரப்பட்டவர்கள். ஒரு படம் போட்டால், வெளிச்சம் எப்படி, ஓரத்தில் நிற்கும் கம்பம் தேவையா, கறுப்பு வெள்ளை ஆக்கலாமா என்று மணிக்கணக்கில் பேசுவோம். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் விடைத்தாளைத் திருத்தியவள் நான். இப்போது என் தாளை மற்றவர்கள் திருத்துகிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சந்தைப் படம், வெங்காய மூட்டைகளின் மேல் ஒருவர் படுத்துத் தூங்கும் படம். விடிகாலை வெளிச்சம் அவர் முகத்தில் சாய்வாக விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெறும் பாதம் இரண்டும் படத்தின் முன்னால் பெரிதாகத் தெரிந்தன. 'உழைப்பின் உறக்கம்' என்று தலைப்பு வைத்துப் போட்டேன். அதுவரை எந்தப் படத்துக்கும் கிடைக்காத பாராட்டு கிடைத்தது. "மேடம், லைட் பிரமாதம்" என்றார் ஒருவர். "பாதத்தை க்ராப் பண்ணியிருக்கலாம்" என்றார் இன்னொருவர். "பாதம்தான் படமே" என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். மனம் குளிர்ந்து, உங்கள் எல்லோருக்கும் தெரியட்டும் என்று என் பக்கத்திலும் போட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு செய்தி வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை. "டீச்சர், நல்லா இருக்கீங்களா? அந்தப் போட்டோல இருக்கறது எங்க பெரிய அண்ணன். வீட்ல ஒரு நல்ல காரியம் பேசிட்டு இருக்கோம். இந்த நேரத்துல இந்தப் படம் சுத்துறது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர், முடிஞ்சா எடுத்துடுறீங்களா?"

'முடிஞ்சா' என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. கோபமாக இரண்டு வார்த்தை எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உடனே இரண்டு இடத்திலும் நீக்கினேன். ஆனால் அதற்குள் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அது எங்கெங்கே போனதோ, அதை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. தெரியாமல் எடுப்பதும், எடுத்ததை நாலு பேரிடம் காட்டிப் பேசுவதும் எங்கே ஆரம்பித்தது? முன்னால் செய்தவர்களுக்கு இந்தச் சங்கடம் வரவில்லையா? புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததில் கிடைத்ததைத்தான் இனி சொல்கிறேன்.

ஆரம்ப காலக் கேமராவில் யாரையும் தெரியாமல் எடுக்க முடியாது. முக்காலி, பெரிய பெட்டி, மேலே போர்த்த கறுப்புத் துணி, ஆடாமல் அசையாமல் உட்காரும் ஆள், இத்தனையும் வேண்டும். நம் தாத்தா பாட்டி படங்களில் எல்லோரும் ஏன் விறைப்பாக இருக்கிறார்கள் என்று கேட்பீர்களே, அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் அது. 1880களில் நிலைமை மாறியது. கண்ணாடித் தகட்டில் பூசும் ரசாயனத்தின் வேகம் கூடியது. கண்ணிமைக்கும் நேரத்தில் படம் பதிந்தது. 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' கேமராவை 25 டாலருக்கு விற்றார். உள்ளே 100 படத்துக்கான பிலிம் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புதுப் பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கழுவுகிற வித்தை தெரியாதவர்களும் போட்டோ எடுக்கலாம் என்று ஆனது.

அதே சமயத்தில் 'டிடெக்டிவ் கேமரா' என்று ஒரு வகை வந்தது. கேமரா என்றே தெரியாதபடி செய்தவை அவை. ஸ்டிர்ன் என்ற கம்பெனியின் கேமரா வட்டமான டப்பா மாதிரி இருக்கும். அதை உள்கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, பொத்தான் துளை வழியாக லென்ஸை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். ஒரு வட்டத் தகட்டில் ஆறு படம் விழும்.

நார்வேயில் கார்ல் ஸ்டோர்மர் என்ற மாணவர் 1893-ல் இதை வாங்கினார். இன்று ஓஸ்லோ என்று சொல்லும் நகரத்தின் கார்ல் யோகான் தெருவில் நடப்பார். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்வார். அவர் தொப்பியைத் தூக்கிப் பதில் வணக்கம் சொல்லும்போது, பையில் இருக்கும் கயிற்றை இழுத்துவிடுவார். படம் விழுந்துவிடும். 1897 வரை ஏறக்குறைய 500 படங்கள். நாடக ஆசிரியர் இப்சன்கூட அதில் சிக்கியிருக்கிறார். அந்தக் காலத்து மற்ற படங்களில் பார்க்க முடியாத சிரிப்பும் நடையும் இந்தப் படங்களில் உண்டு. ஸ்டோர்மர் பிற்பாடு பெரிய கணித மேதை ஆனார், துருவ ஒளியை ஆராய்ந்தார். இந்தப் படங்கள் வெளியுலகத்துக்கு வந்தது கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, அவர் கிழவரான பிறகுதான். அதற்குள் படத்தில் இருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

லண்டனில் பால் மார்ட்டின் என்று ஒருவர் இருந்தார். மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. 1892 வாக்கில் கைக்குள் இடுக்கிக்கொள்ளும் பார்சல் போலத் தெரியும் ஒரு கேமராவை வாங்கினார். தெருவில் கூவி விற்பவர்கள், கடற்கரையில் விளையாடுபவர்கள் என்று சாமானிய மக்களை எடுத்தார். ஆனால் அவருக்குப் பதக்கம் வாங்கித் தந்தவை இந்தப் படங்கள் இல்லை, லண்டனின் இரவுக் காட்சிகள்தான். அன்றைய கலை ரசிகர்களுக்கு மூடுபனியும் விளக்கொளியும்தான் கலை. மீன் விற்பவள் கலை இல்லை. இன்று நமக்கு அவருடைய மீன்கார அம்மாதான் பொக்கிஷம்.

இவர்கள் எடுத்ததை எங்கே காட்டினார்கள்? கேமரா கிளப்புகளில். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் குழுவில் நடப்பது அப்படியே அன்றும் நடந்திருக்கிறது. இருட்டு அறையில் கண்ணாடி ஸ்லைடைத் திரையில் போடுவார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறை நிறை சொல்வார்கள். 1880களிலேயே அமெரிக்காவில் ஓர் ஊர்க் கிளப் தன் ஸ்லைடுகளைப் பெட்டியில் வைத்து அடுத்த ஊர்க் கிளப்புக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. பிரிட்டனில் தபால் வட்டங்கள் இருந்தன. ஒரு பெட்டியில் எல்லோருடைய பிரிண்டுகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்ததும் மற்றவர் படங்களைப் பார்த்து நோட்டில் கருத்து எழுத வேண்டும். உங்கள் பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதிதை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். லைக், கமெண்ட் எல்லாம் தபாலில் போய் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறையில் படம் எடுத்தவர் இருந்தார், பார்ப்பவர் இருந்தார், மார்க் போடுபவர் இருந்தார். படத்தில் இருந்த மீன்காரி மட்டும் இல்லை. தன் படம் ஓர் அறையில் ஓடுகிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

அவளுக்காக அன்று யாரும் பேசவில்லையா? வேறு ஒரு மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. 1890-ல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வக்கீல்கள் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் போட்டோவும் பத்திரிகைகளும் மனிதர்களின் வீட்டு வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டன, தன்னைத் தனியாக விடும்படி கேட்க ஒருவருக்கு உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். இன்று 'அந்தரங்க உரிமை' என்று பேசுகிறோமே, அதன் சட்ட வரலாற்றில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய இடம் உண்டு. பிராண்டைஸ் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். ஆனால் இருவரும் எழுதும்போது மனதில் இருந்தது பெரும்பாலும் வசதியான வீட்டாரின் கவலை. மீன்காரியின் கவலை அதில் எவ்வளவு இருந்தது என்பது சந்தேகம்தான்.

1925-ல் ஜெர்மனியில் 'லைக்கா' கேமரா விற்பனைக்கு வந்தது. ஆஸ்கர் பர்னாக் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. கைக்கு அடக்கம், ஒரு பிலிம் சுருளில் 36 படம். இதை ஒரு கலையாக ஆக்கியவர் பிரான்ஸின் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். இவர் நம் திருவண்ணாமலைக்கும் வந்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்து படம் எடுத்திருக்கிறார்.

நான் அதிகம் யோசித்தது அமெரிக்கரான வாக்கர் எவன்ஸைப் பற்றி. 1938 முதல் 1941 வரை அவர் நியூயார்க்கின் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எடுத்தார். கேமரா கோட்டுக்குள். பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ். கை வழியாகக் கீழே இறங்கும் கம்பியை அழுத்தினால் படம். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கும்? யாருக்காகவும் எதையும் வைத்துக்கொள்ளாத முகம். அதைத்தான் எடுத்தார். ஆனால் புத்தகமாகப் போட்டது 1966-ல். எடுத்து முடித்து 25 வருடம் ஆன பிறகு! நான் படம் எடுத்தது காலை ஆறு மணிக்கு. போட்டது ஒன்பது மணிக்கு. காபி குடித்த டம்ளர்கூடக் கழுவவில்லை.

அதே நியூயார்க்கில் அதே காலத்தில் 'போட்டோ லீக்' என்று ஒரு சங்கம் இருந்தது, 1936 முதல் 1951 வரை. இதில் ஆர்வலர்களும் தொழில்முறைக்காரர்களும் சேர்ந்தே இருந்தார்கள். குறைந்த கட்டணத்தில் வகுப்பு, கூடிப் பேசுதல், கண்காட்சி எல்லாம் உண்டு. விமர்சனம் கடுமையாக இருக்கும். இவர்களில் பலர் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர்கள். வால்டர் ரோசன்பிளம் என்ற இளைஞர் 1938-ல் பிட் தெருவை எடுத்தார். அவர் வளர்ந்த பகுதி அது. திரும்பத் திரும்ப அங்கேயே போனார். ஒளித்துவைத்த கேமராவோடு வந்த அந்நியர் இல்லை, அந்த வட்டாரத்துப் பிள்ளை. 1947 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்தச் சங்கத்தைத் தேசவிரோதச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. பயந்து பலர் விலகினார்கள். 1951-ல் சங்கமே மூடப்பட்டது. கூடிப் படம் பார்த்துப் பேசியதற்கு இப்படி ஒரு விலை.

இனி, இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் நெருக்கமான ஆளுக்கு வருகிறேன்.

விவியன் மேயர். 1926-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். சிறு வயதில் சில வருடம் பிரான்சில் இருந்தார். 1951-ல் அமெரிக்கா திரும்பி, 1956 வாக்கில் சிகாகோ பக்கம் போய், பணக்கார வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண்கள் அணிவது போல் கோட்டும் கனமான ஷூவும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு நடப்பார். அந்தக் கேமராவை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதனால் எதிரே இருப்பவர் தன்னை எடுக்கிறார்கள் என்று பெரும்பாலும் உணரமாட்டார். குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும்போது தெருத் தெருவாக எடுத்துத் தள்ளினார். மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல்.

யாரிடமும் காட்டவில்லை. வேலை பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இவரிடம் கேமரா இருப்பது தெரியும், படங்களைப் பார்த்தவர்கள் அபூர்வம். தன் அறைக்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். பிற்காலத்தில் எடுத்த பல பிலிம் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. அந்தப் படங்களை அவரே பார்த்ததில்லை என்றுதானே அர்த்தம்?

வயதான காலத்தில் பொருள்களை வாடகைக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். வாடகை கட்ட முடியவில்லை. 2007-ல் கிடங்குக்காரர்கள் ஏலம் விட்டார்கள். தன் வட்டாரத்தைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குப் பழைய படம் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டி நெகட்டிவ்களை வாங்கினார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஏதோ கிடைத்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. 2009-ல் விவியன் மேயர் என்ற பெயரை இணையத்தில் தேடியபோது, சில நாள் முன்பு வந்திருந்த மரண அறிவிப்புதான் கிடைத்தது. அந்த ஏப்ரல் 21-ஆம் தேதி இறந்திருந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் மலூஃப் ஒரு காரியம் செய்தார். 'ஃபிளிக்கர்' என்ற தளத்தில் தெருப் புகைப்பட ஆர்வலர்களின் குழு ஒன்றில் சில படங்களைப் போட்டு, இவற்றை வைத்து நான் என்ன செய்வது, கண்காட்சிக்குத் தகுமா, புத்தகம் போடலாமா என்று கேட்டார். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் நிறைந்த குழு. பதில்கள் குவிந்தன. இவர் பெரிய கலைஞர் என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் அருங்காட்சியக நிபுணர்கள் இல்லை, நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான். 2011-ல் சிகாகோவில் கண்காட்சி. பிறகு புத்தகங்கள், 2013-ல் ஒரு ஆவணப்படம், அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. பிறகு, இந்தப் படங்களின் உரிமை யாருக்கு, வாரிசு யார் என்று கோர்ட் வழக்கும் வந்தது.

ஆர்வலர்கள் எப்போதும் சரியாகத்தான் மதிப்பிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. அதே ஃபிளிக்கரில் 'இதை அழி' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு குழு இருந்தது. படத்தைப் போட்டால் உறுப்பினர்கள் வைத்திருக்கலாமா, அழிக்கலாமா என்று ஓட்டுப் போடுவார்கள். ஒரு குறும்புக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932-ல் ஏர் என்ற ஊரில் எடுத்த உலகப் புகழ் பெற்ற படத்தை, பெயர் சொல்லாமல் போட்டுவிட்டார். வளைந்து இறங்கும் படிக்கட்டு, கீழே சைக்கிளில் பறக்கும் ஓர் ஆள். கலங்கலாக இருக்கிறது, சைக்கிள்காரர் தெளிவாக இல்லை என்று சொல்லி அழிக்க ஓட்டுப் போட்டார்கள்! திருவள்ளுவரே வந்து திருக்குறள் தேர்வு எழுதி பெயில் ஆன மாதிரி. விடைத்தாள் திருத்தியவள் என்ற முறையில் நானும் இப்படி யாரையாவது பெயில் ஆக்கியிருப்பேனோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். அப்படி யாராவது இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

விவியன் மேயரின் கதையைப் படித்தபோது எனக்கு இரண்டு மனமாக இருந்தது. காட்டாமலே வைத்தது எவ்வளவு பெரிய இழப்பு என்று ஒரு மனம். தன் இஷ்டத்துக்குப் பூட்டி வைத்ததை நாம் உடைத்துப் பார்த்துவிட்டோமே என்று இன்னொரு மனம். இதில் மூன்றாவது ஒருவர் இருப்பதை அப்போதும் நான் யோசிக்கவில்லை. அவர் படத்தில் இருப்பவர். அவரை எனக்கு ஞாபகப்படுத்தியது நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு.

பிலிப் லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் 1999 முதல் 2001 வரை டைம்ஸ் சதுக்கத்தில், சாரத்தில் விளக்குகளைப் பொருத்திவிட்டு, தூரத்தில் நின்று, நடந்து வருபவர்களின் முகங்களை எடுத்தார். ஆயிரக்கணக்கில் எடுத்து 17 படங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைத்தார். ஒரு பிரிண்ட் 20,000 டாலருக்கு மேல் போனது. அதில் ஒருவர் மத ஆசாரம் மிகுந்த வயதான யூதர். தன் உருவம் இப்படி விற்கப்படுவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று, விஷயம் தெரிந்தவுடன் 2005-ல் வழக்குப் போட்டார். 2006-ல் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இது வியாபார விளம்பரம் அல்ல, கலை. கலைக்குப் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்றது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். தெருவில் நடப்பதையெல்லாம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் பால் மார்ட்டினும் இல்லை, விவியன் மேயரும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் சாதாரண மனிதர்கள் எப்படி நடந்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ராஜா ராணி படங்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதனால் இந்தக் கலையே தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. மீன்காரி இல்லாத அறையில் படம் காட்டிய காலம் முடிந்துவிட்டது. ஸ்டோர்மர் ஐம்பது வருடம் காட்டவில்லை. எவன்ஸ் 25 வருடம் காத்திருந்தார். இன்று நான் போடும் படம், படத்தில் இருப்பவரின் கைபேசிக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னே போய்ச் சேர்கிறது. நாம் வெளிச்சம், க்ராப் என்று பேசிக்கொண்டிருக்கும் அதே இடத்தில் அவரும் அவர் தம்பியும் சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம்தான் அவர்கள் இல்லாத மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர்" என்றதும் துண்டை உதறி மூட்டையின் மேல் விரித்து உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "அட, இதுக்குப் போயி ஏம்மா" என்றார். படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். நான் வைத்த தலைப்பைச் சொன்னேன்.

"அன்னிக்கு ஒரு மூட்டைகூடத் தூக்கலைம்மா. காய்ச்சல். வீட்டுக்குப் போக வண்டி இல்ல, அதான் படுத்துட்டேன்" என்றார்.

எத்தனையோ பேர் பேசினோம். லைட்டைப் பேசினோம், பாதத்தைப் பேசினோம். அந்த மனிதருக்கு உடம்பு சரியில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்று எடுத்த எனக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன் அல்லவா? கேட்டிருந்தால் ஒரு ஆட்டோவாவது பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

கிளம்பும்போது, "இதை நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். அவர் வீட்டு நல்ல காரியமும் நல்லபடியாக முடிந்தது. அது என் புண்ணியம் இல்லை, எதிர் வீட்டாரின் நல்ல மனசு. இந்தப் பதிவையும் அண்ணன் தம்பி இருவருக்கும் முதலில் அனுப்பிக் காட்டி, சரி என்ற பிறகுதான் போடுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அதனால்தான் இல்லை. உங்களில் யாருக்காவது ஆளைத் தெரிந்திருந்தால் கமெண்டில் எழுதாதீர்கள். அந்தப் படம் யார் கைபேசியிலாவது இன்னும் இருந்தால் எனக்காக அழித்துவிடுங்கள்.

படம் எடுப்பதை விட்டுவிட்டீர்களா டீச்சர் என்று கேட்பீர்கள். விடவில்லை. எப்போதும் போல, தெரியாமல்தான் எடுக்கிறேன். கேட்டுவிட்டு எடுத்தால் அந்த முகம் போய்விடும், அது எனக்கும் தெரியும். எடுத்த பிறகு கிட்டே போய், "இப்படி ஒரு படம் எடுத்தேன், பாருங்கள்" என்று காட்டுகிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிலர் "அழிச்சுடும்மா" என்கிறார்கள், அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுகிறேன். தூங்குபவர்களையும் நோயாளிகளையும் எடுத்தாலும் போடுவதில்லை. அவர்களால் என்னிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது அல்லவா? குழுவில் போடும் படங்கள் குறைந்துவிட்டன. "மேடம், முன்ன மாதிரி போடறதில்லையே" என்று கேட்கிறார்கள். சந்தையில் தெரிந்த முகங்கள் கூடிவிட்டன என்று சொல்கிறேன்.

நீங்களும் கையில் கேமரா வைத்திருப்பவர்கள்தான். அடுத்த முறை யாரோ ஒருவரின் படத்தைப் போடுவதற்கு முன், அவரும் பார்க்கிறார் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதில் வேறு கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். எதிர்க்கருத்து சொன்னதற்காக நான் யாரையும் வெளியே நிறுத்தியதில்லை. வீட்டுப்பாடம் எழுதாததற்குத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்